ஒரு நாள் பெயர்

பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் கூப்பிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது மணி பத்து இருபது. அப்படியென்றால் இன்னும் கூப்பிடவில்லை, இல்லையென்றால் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள், ரெண்டில் எது என்று பேராச்சி டீச்சருக்கு எப்படித் தெரியும்? அவள் செல்போன் குரூஸ் சாரின் மேசைமேல் நீலப் பிளாஸ்டிக் கூடைக்குள் அல்லவா கிடக்கிறது, மற்ற ஐந்து பேர் போனோடு, வாயை அடைத்து. பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமில் இதுதான் முறை. காலையில் வந்ததும் கையெழுத்து, போன் கூடையில், பன்னிரண்டு விடைத்தாள் உள்ள கட்டு கையில், சிவப்புப் பேனாவைத் திற, குனி. பதினொன்றே கால் மணிக்கு டீ வரும்போது போனை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் எடுக்க வேண்டுமென்றால் மேசைக்குத் தலைவரான குரூஸ் சாரிடம் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தை எப்படிச் சொல்வது? சார், நேற்று ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் என் வயிற்றிலிருந்து ஐந்து முட்டை எடுத்தார்கள் சார், என் வீட்டுக்காரருடைய அணுவைச் சேர்த்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்திருக்கிறார்கள் சார், ராத்திரியோடு ராத்திரியாக அது கருமுட்டை ஆயிற்றா இல்லையா என்று இப்போது கூப்பிட்டுச் சொல்வார்கள் சார். நல்லாத்தான் இருக்கும். இங்கே பாளையங்கோட்டையில் சொன்னது பத்து நிமிஷத்தில் அவள் ஊரான தாழையூத்துக்குப் போய்ச் சேரும். லீவு போட்டிருக்கலாம்தான். லீவுக்கும் காரணம் எழுத வேண்டும், எழுதினால் தலைமையாசிரியை படிப்பாள், அப்புறம் கல்வி அலுவலகம் படிக்கும், அப்புறம் ஊரே படிக்கும். அதனால் அடிவயிற்றில் பொருமலும் இழுப்புமாக, புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டிக்கொண்டு, எட்டரை மணி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி வந்து சேர்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் மாசானத்தின் நம்பரைக் கொடுங்களேன் மேடம் என்று ஆஸ்பத்திரி லேப் பெண் கேட்டது. பேராச்சி கொடுக்கவில்லை. அவர் மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்து மேலே இடுப்புக் கயிற்றை நம்பி நிற்கிற மனுஷனுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரக் கூடாது, நல்லதானாலும் சரி, மற்றதானாலும் சரி. எடுக்கலன்னா சாயங்காலம்தான் மறுபடி கூப்பிட முடியும் மேடம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தது. சாயங்காலம் வரைக்கும் தாங்காது என்று பேராச்சிக்குத் தெரியும்.

நாலாவது விடைத்தாள். குண்டு குண்டான எழுத்து, கோடு போட்ட மாதிரி நேரான வரி, கட்டாயம் பெண்பிள்ளை. எந்த ஊரோ, எந்தப் பள்ளிக்கூடமோ, பெயரை மறைத்துத்தான் கட்டு வருகிறது. முதல் பக்கம் சரி, ரெண்டாம் பக்கம் சரி, இருபத்து மூன்றாம் கேள்விக்கு வந்தாள். வேண்டாம் என்றாலும் ஒவ்வொரு தாளிலும் அது வந்துகொண்டேதான் இருக்கும், ஒரு நாளைக்கு ரெண்டு கட்டுக்கும் சேர்த்து இருபத்து நாலு தடவை: கருமுட்டை என்றால் என்ன? ரெண்டு மார்க். விடைக்குறிப்பு அவளுக்குத் தூக்கத்திலும் வரும். ஆண் இனச்செல்லும் பெண் இனச்செல்லும் இணைவது என்று எழுதியிருந்தால் ஒன்று, அதனால் உருவாகும் இரட்டைமயச் செல் என்று எழுதியிருந்தால் இன்னொன்று. பதினாறு வருஷமாகக் கரும்பலகையில் அவள் எழுதிப்போடுகிற ரெண்டு வரி. பொட்டப்பிள்ளைகள் அந்தப் பாடம் வந்தாலே தலையைக் குனிந்து தோளால் இடித்துக்கொள்ளும், அவள் ஒரு வரியையும் தாண்டிப் போனது கிடையாது, இதில் என்ன சிரிப்பு, நீயும் நானும் வந்த வழிதானே என்பாள். ஒரு தடவை பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, மிஸ், கருமுட்டைக்கு உயிர் உண்டுமா என்று கேட்டாள். உண்டு, உன் நகத்தடியில் இருக்கிற செல்லுக்கும்தான் உயிர் உண்டு, உட்கார் என்றாள் பேராச்சி. வகுப்பே சிரித்தது. அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை, அது கேட்டது வேறு எதையோ. என்னத்தைக் கேட்டது என்று அன்றைக்கு நின்று விசாரிக்கத் தோன்றவில்லை, மணி அடித்துவிட்டது. இப்போது அந்தப் பிள்ளைக்கு இருபத்து நாலு இருபத்தைந்து வயசு இருக்கும், கல்யாணம்கூட ஆகியிருக்கும், யார் கண்டது, ஒன்றுக்கு ரெண்டாகப் பெற்றுக்கூட இருக்கும்.

முகாமின் முதல் நாளன்று விடைக்குறிப்பை எல்லாரும் உட்கார்ந்து பேசியபோது இதே கேள்விக்கு ஒரு சலசலப்பு வந்தது. இரட்டைமயச் செல் என்று எழுதாமல் வெறுமனே கரு என்று எழுதி வைத்திருக்கிறார்களே, ஒரு மார்க்காவது போடலாமா, பாவம் பிள்ளைகள் என்றார் குரூஸ் சார். தூத்துக்குடிக்காரர், மீசை நரைத்தும் பேச்சு இன்னும் குழைவு. எழுந்து நின்றது பேராச்சிதான். கூடாது சார், கருமுட்டை ஒரே ஒரு செல், அது ரெண்டாகப் பிரிந்துவிட்டால் அந்தப் பெயர் போய்விடுகிறது, அப்புறம் அதற்கு வேறு பெயர், எல்லாவற்றையும் ஒரே பெயரால் கூப்பிடலாம் என்றால் பாடம் எதற்கு, பரீட்சை எதற்கு என்றாள். கூடம் கப்சிப். கடைசியில் கரு என்றால் மார்க் இல்லை என்று எல்லா மேசையிலும் எழுதிக்கொண்டார்கள். பக்கத்து நாற்காலி ஹமீதா டீச்சர் காதோரம் குனிந்து, எத்தனை பிள்ளைகளுடைய சாபத்தை வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறீர்களோ டீச்சர் என்று விளையாட்டாகத்தான் சொன்னாள். ஹமீதா டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள், நல்ல மனுஷி. ஆனால் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, நேற்று மயக்க மருந்து ஏறுகிற நேரத்தில்கூட, பத்து ஒன்பது எட்டு என்று எண்ணச் சொன்னார்களே, அப்போது எட்டுக்கும் ஏழுக்கும் நடுவில் அந்த வார்த்தைதான் வந்து நின்றது. சாபமாவது மண்ணாவது. விலங்கியல் படித்தவள் பேசுகிற பேச்சா இது?

எண்ணிக்கைதான் அவளைப் படுத்துகிறது. முதல் தடவை ஒன்பது முட்டை எடுத்தார்கள், ஆறு கருமுட்டை ஆயிற்று. ரெண்டாவது தடவை ஏழு முட்டை, மூன்று ஆயிற்று. இந்தத் தடவை ஐந்து. ஒன்பது, ஏழு, ஐந்து, ரெண்டு ரெண்டாகக் குறைகிறது, சரி. ஆறு, மூன்று, அடுத்து? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். சொல்லாதே. கணக்கு வேறு, உடம்பு வேறு, உடம்பு எப்போது தொடர் வரிசையில் நடந்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆறு, மூன்று. பஸ்ஸில் வரும்போது டிக்கெட் நம்பரைப் பார்த்தாள், கடைசியில் பூஜ்யம். பேசாமல் கசக்கி வெளியே போட்டுவிட்டாள். நாற்பது வயசு, இதற்கு மேல் உங்கள் முட்டையை வைத்து முயற்சி செய்யச் சொல்ல மாட்டேன் என்று டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டார், அதுவும் மரியாதையான மனுஷி, பொய் சொல்லத் தெரியவில்லை. ஆறு, மூன்று. இப்போது அந்தக் கிண்ணம் எங்கே இருக்கும்? மின்சாரப் பெட்டிக்குள், முப்பத்தேழு டிகிரியில், இருட்டில். மாசானம் முதல் தடவை கேட்டதெல்லாம் அதைத்தான், ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் உண்டா, எத்தனை கிலோவாட், கரண்டு போனால் எத்தனை விநாடியில் ஏறும் என்று. டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். அந்த ஏரியாவில் யார் வேலை பார்க்கிறார்கள் என்று விசாரித்து, இந்த ஒரு வாரத்துக்கு அந்த பீடர் லைனை ஆஃப் பண்ணிப்புடாதீங்க என்று போனில் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் அடுப்படியிலிருந்து கேட்டாள். யாருக்காகன்னு சொல்லு மாசானம் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும், எனக்கு வேண்டிய ஒருத்தர் உள்ள இருக்காங்க என்று மட்டும் சொன்னார்.

வேண்டிய ஒருத்தர். அது முதல் தடவையின்போது. அந்தத் தடவை இதே மாதிரி ஒரு காலை, அவளுக்கு லீவு நாள், அவர் டியூட்டி முடித்து இடுப்பில் கட்டிங் பிளேயரோடு அடுப்படி வாசலில் நிற்கிறார், பிரிட்ஜில் தோசை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் மிச்ச ஊசி மருந்து இருக்கிறது, போன் வருகிறது, ஆறு என்கிறார்கள். மாசானம் கையை விரித்து ஒரு கை விரல் ஐந்தையும் மறு கைக் கட்டைவிரலையும் பார்த்தார், ஆறு பிள்ளையளா, இந்த வீடு கொள்ளாதே ஏளா, மாடி எடுக்கணும்லா என்று சிரித்தார், கண்ணில் தண்ணீர் வேறு. அவள் என்ன செய்தாள்? திருத்தினாள். பிள்ளையில்ல, கருமுட்டை, ஒத்தச் செல்லு, கண்ணுக்குக்கூடத் தெரியாது, நாளைக்கி இருக்குமோ இருக்காதோ, அதுக்குள்ள பிள்ளைங்கிய, பிள்ளைனா என்னன்னு தெரியுமா உங்களுக்கு. ஐ.டி.ஐ. படித்த மனுஷனைப் பார்த்து எம்.எஸ்ஸி. படித்தவள் கேட்ட கேள்வி. விரித்த விரலை அவர் ஒவ்வொன்றாக மடக்கினார், சரி டீச்சர் என்றார். கோபம் ஒன்றும் இல்லை, பவ்யமாகத்தான். அவளை ஏளா என்று கூப்பிடுவது அன்றைக்குப் போனதுதான், அப்புறம் திரும்பவே இல்லை, எதற்கெடுத்தாலும் சரி டீச்சர்தான், உப்பு வேண்டுமா டீச்சர், கதவைப் பூட்டவா டீச்சர். அவள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் தொல்லையே. மூன்றாம் நாள் ஆறு நாலாயிற்று, ஐந்தாம் நாள் ஒன்றாயிற்று, அந்த ஒன்றை உள்ளே வைத்தார்கள், பதினாலாம் நாள் அதுவும் இல்லை. பாடத்தில் இருக்கிறபடியே எல்லாம் நடந்தது. அவள் அழவில்லை. செல்லுக்கு யாராவது அழுவார்களா? கடையில் கேட்டு வாங்குகிற மாதிரி சரியான பெயரை வாங்கி முன்கூட்டியே வைத்துக்கொண்டாள், வலிக்காமல் இருக்க. அவர் கையில் அந்தப் பெயர் இல்லை. அவருக்கு ஆறு பிள்ளை போயிருக்கிறது, ஆறு பிள்ளைக்கும் அந்த மனுஷன் தனியாக எங்கேயோ நின்று அழுதிருக்க வேண்டும், எந்தக் கம்பத்தடியிலோ, எந்த டிரான்ஸ்பார்மருக்குப் பின்னாலோ, அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. ரெண்டாவது தடவை மூன்று என்று செய்தி வந்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நல்லதா டீச்சர் என்று மட்டும் கேட்டார். இந்தத் தடவை அதுவும் இல்லை. காலையில் டிபன் டப்பாவைக் கையில் வாங்கும்போது, இன்னைக்குத்தான அந்த இது என்றார். இது. எதற்கும் ஒரு பெயர் உண்டு, அவருக்கு மட்டும் இது.

குண்டு எழுத்துப் பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது? ஆணின் செல்லும் பெண்ணின் செல்லும் சேர்ந்தவுடனே உண்டாகும் குழந்தைக்குக் கருமுட்டை என்று பெயர், இந்தப் பெயர் அதற்கு ஒரு நாள் மட்டும் இருக்கும். ஒரு நாள் மட்டும். இதைப் புத்தகத்தில் இந்த மாதிரி யாரும் எழுதவில்லை, அவளும் வகுப்பில் சொன்னதில்லை, ஆனால் சரிதானே, முதல் பிளவு வர ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள், அதற்குள் அந்தப் பெயர் காலாவதி. ஒரு நாள் ஆயுசுக்கு ஒரு பெயர். இந்தக் கூடத்தில் எண்பது டீச்சர், சார் இருக்கிறார்கள், எண்பது பேரும் ஒரு நாள் அந்தப் பெயரில் இருந்தவர்கள்தான். குரூஸ் சார் மீசையில்லாமல், கண்ணாடியில்லாமல், ஒரு செல்லாக, கடற்கரை வீட்டில் யாரும் அறியாமல் ஒரு நாள் இருந்திருக்கிறார். அவர் அம்மை அன்றைக்கு மீன் கழுவியிருப்பாள். ஹமீதா டீச்சர் ஒரு நாள் இருந்திருக்கிறாள், அவளுடைய உம்மா அன்றைக்கு யாரோடாவது சண்டைகூடப் போட்டிருப்பாள். மாசானமும் இருந்திருக்கிறார், அம்பாசமுத்திரத்துப் பக்கம், வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒருத்தி வயிற்றில், அவளுக்கே தெரியாமல். யாருக்கும் யாரும் போன் பண்ணிச் சொல்லவில்லை. யாரும் இத்தனை என்று எண்ணவில்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ கருமுட்டை வந்த சுவடே தெரியாமல் போயிருக்கும், மாதவிலக்கு ரெண்டு நாள் தள்ளிப்போயிருக்கும், வெயில் சூடு என்றிருப்பார்கள். அந்த ஒரு நாளைக் கண்ணால் பார்க்க, பெயர் சொல்லிக் கூப்பிட, காத்திருக்க, அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறது. ஒரு வகையில் பார்த்தால் அதிர்ஷ்டம்தான், இன்னொரு வகையில் பார்த்தால் எதிரிக்குக்கூட வரக் கூடாது. அடிவயிறு ஒரு தடவை சுரீரென்றது, அடங்கியது. மின்விசிறி தாளைத் தூக்கப் பார்த்தது, முழங்கையால் அமுக்கினாள். பேனா ஓரத்தில் எதையோ போட்டது, பக்கத்தைப் புரட்டினாள், அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி, கூட்டல், முன்பக்கத்தில் மொத்தம், கையெழுத்து, கட்டின் மேல் வைத்தாள்.

மேலுக்குச் சொகமில்லையா டீச்சர், முகம் வெளிறிக்கிடக்கே என்று ஹமீதா டீச்சர் கேட்டாள். ராத்திரி தூக்கமில்லை என்றாள் பேராச்சி, அது பொய்யில்லை. ஹமீதா டீச்சர் பையைத் துழாவி ஒரு கடலை மிட்டாயை எடுத்து விடைத்தாள் ஓரத்தில் தள்ளினாள், கேள்வி கேட்காமல் தின்னக் கொடுக்கிற ஆள் கிடைப்பது லேசில்லை. பேராச்சிக்கு ஒரு கணம் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிடலாமா என்று இருந்தது. கொட்டவில்லை. ஐந்தாவது தாள், ஆறாவது தாள். கரு என்று எழுதியிருந்த ஒரு பையனுக்குச் சைபர் போட வேண்டியிருந்தது, சுழிக்கப்போன பேனா நின்றது. இன்றைக்கு இந்தக் கையால் சைபரா? போடாமல் முடியாது, போட்டாள், ஆனால் வட்டம் முழுசாகச் சேராமல் சின்ன வாய் திறந்தபடி விட்டாள். ஐம்பது வாட்டி பார்த்தாலும் அது சைபர்தான், அவளுக்கு மட்டும் தெரியும் அது மூடவில்லை என்று. பைத்தியக்காரத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? ஆறு, மூன்று. கடிகாரம் பத்து ஐம்பது.

அப்போதுதான் குரூஸ் சார் கூப்பிட்டார். பேராச்சி டீச்சர், ஒரு நிமிஷம் இங்ஙன வாங்க. திருத்திய தாளில் ஒன்றிரண்டை எடுத்து மறுபடி பார்ப்பது அவர் வேலை, தினமும் நடக்கிறதுதான், ஆனால் பேராச்சியை அவர் கூப்பிட்டதே இல்லை, கூப்பிட வேண்டி வந்ததில்லை. எழுந்தபோது வயிறு இழுத்தது, மேசையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சார் முன்னால் குண்டு எழுத்துப் பிள்ளையின் தாள் விரிந்து கிடந்தது. இருபத்து மூன்றாம் கேள்வி. ஓரத்தில், சிவப்பில், அவளுடைய கையெழுத்திலேயே, ரெண்டு. குழந்தை என்று எழுதியதற்கு முழுசாக ரெண்டு மார்க். இணைவதற்கு ஒன்று கொடுக்கலாம், இரட்டைமயம் எங்கே? அவள் பார்த்தாள், மறுபடி பார்த்தாள், இந்த எண்ணை எப்போது எழுதினேன் என்று யோசித்தாள், ஒரு ஞாபகமும் வரவில்லை. கை தானாக எழுதியிருக்கிறது. கருவுக்கே கிடையாது என்று கூடத்தையே வாயடைத்தவள், குழந்தைக்குப் போட்டிருக்கிறாள்.

"நீங்களா டீச்சர் இது?" என்றார் குரூஸ் சார். கிண்டல் இல்லை, கவலையாகத்தான் கேட்டார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தபோது கூடைக்குள் வெளிச்சம் வந்தது. ஆறு போனில் ஒன்று, அவளுடையது, வெடித்த மூலையோடு, நடுங்கிக்கொண்டே மற்றவற்றின் மேல் நகர்ந்தது. பேராச்சி அதைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை, விதி விதிதான், ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை, கண்ணில் என்ன இருந்ததோ, குரூஸ் சார் ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தார், ஒரு தடவை போனைப் பார்த்தார், கூடைக்குள் கையை விட்டு அதை எடுத்து அவள் கையில் வைத்தார். முதல்ல பேசிட்டு வாங்க, தாள் எங்கயும் ஓடிறாது என்றார். மற்ற மேசைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் பச்சைப் பொத்தானை அமுக்கியபடியே வராந்தாவுக்குப் போனாள், ரெண்டு தூணுக்கு நடுவில் வெயில் விழுந்து கிடந்த இடத்தில் நின்றாள்.

லேப் பெண்ணின் குரல் சின்னப் பிள்ளைக் குரல், இருபத்து மூன்று இருபத்து நாலு வயசு இருந்தால் அதிகம். மேடம், அஞ்சுல ரெண்டு சரியா முதிரல, ரெண்டு சேரல என்று வரிசையாகச் சொன்னது. ரெண்டும் ரெண்டும் நாலு. அடுத்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பெண் ஒரு மூச்சு எடுத்தது, அந்த மூச்சுக்குள் பேராச்சி ஆறு, மூன்று, என்று வந்து நின்றாள், கால் தரையில் இருந்தது, தூண் கையில் இருந்தது, பள்ளிக்கூட மணிக்கயிறு காற்றில் லேசாக ஆடியது. ஒண்ணு ஆயிருக்கு மேடம், நல்லாருக்கு என்றது குரல். தொடர் வரிசை பொய்த்தது. ஒன்று. கேட்க வேண்டியதை டீச்சராகவே கேட்டாள், ரெண்டு உட்கருவும் தெரியுதாம்மா என்றாள். தெளிவா தெரியுது மேடம், பக்கத்துல பக்கத்துல, நானே மைக்ராஸ்கோப்ல பார்த்தேன் என்றது அந்தப் பெண், மூன்றாம் நாள் மறுபடி கூப்பிடுவோம் என்று வைத்துவிட்டது. பக்கத்தில் பக்கத்தில். ஒன்று அவளுடையது, ஒன்று அவருடையது, இன்னும் கலக்கவில்லை, மத்தியானத்துக்குள் கலந்துவிடும், ராத்திரிக்குள் ரெண்டாகப் பிரிந்துவிடும், அதற்குப் பிறகு அந்தப் பெயர் இல்லை.

மாசானத்தை இந்த நேரத்தில் கூப்பிடக் கூடாது. வேலை நேரத்தில் கூப்பிடுவதில்லை என்பது கல்யாணமான நாளிலிருந்து உள்ள ஏற்பாடு. கூப்பிட்டாள். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார். கம்பத்துல இருக்கியளா என்று பதறினாள். இல்லை, இன்னைக்கி ஏறலை, தலை சுத்துதுன்னு சொல்லிட்டேன், கீழதான் இருக்கேன், காலையிலருந்து கீழதான் இருக்கேன் என்றார். காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு கம்பத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் நம்பரை அவள் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியும், அவள் கூப்பிட மாட்டாள் என்பதும் தெரியும், இருந்தும் உட்கார்ந்திருக்கிறார்.

"ஒண்ணு," என்றாள்.

அந்தப் பக்கம் ஏதோ ஒரு லாரி கடந்து போனது. அப்புறம் அவர் குரல் வந்தது, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, வகுப்பில் எழுந்து நின்று ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. "ஒரு கருமுட்டை. ஒத்தச் செல்லு. சரிதான டீச்சர்?"

மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். ரெண்டு வருஷமாக உள்ளேயே வைத்து, தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று, இந்த ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று. ரெண்டுக்கு ரெண்டு மார்க். பேராச்சி தூணில் நெற்றியை வைத்தாள், சுண்ணாம்பு ஒட்டியது.

"பிள்ளைன்னே சொல்லுங்க," என்றாள்.

அவர் சொல்லவில்லை. நாளைக்கி இல்லாமப் போயிட்டா என்று கேட்டார், சின்னக் குரலில், அவள் அன்றைக்குச் சொன்னதையே அவளிடம் திருப்பிக் கொடுத்து, குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரியாமல்.

"போயிட்டா ரெண்டு பேருமா அழுவோம். இனிம நீங்க மட்டும் தனியா அழ வேண்டாம்."

லாரிச் சத்தம், யாரோ தூரத்தில் மாசானம் அண்ணே லைனைக் குடுக்கலாமா என்று கத்துவது, மூக்கை உறிஞ்சுவது, எல்லாம் காதில் விழுந்தது. ஏளா, என்றார் மாசானம். போனைக் காதில் வைத்தபடியே ரெண்டு பேரும் நின்றார்கள், டீ அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்த ஆள் ஒதுங்கிப் போகும் வரைக்கும்.

உள்ளே வந்து போனைக் கூடையில் போட்டாள், முகத்தை முந்தானையால் துடைத்தாள், நெற்றியில் சுண்ணாம்பு இருப்பது அவளுக்குத் தெரியாது. குரூஸ் சார் பார்த்தார், தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். திருத்தினவர் கையாலேயே அடித்து எழுதி, பக்கத்தில் சுருக்கமாகக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் முறை. பேராச்சி சிவப்புப் பேனாவைத் திறந்தாள். ரெண்டை ஒரு கோட்டால் அடித்தாள், ஒன்று என்று எழுதினாள், பே என்று சுருக்கிக் கையெழுத்துப் போட்டாள். முன்பக்கத்து மொத்தத்தில் ஐம்பத்தெட்டை ஐம்பத்தேழாக்கினாள். குறிப்பு குறிப்புதான், அதில் அவளுக்கு இப்போதும் வேறு பேச்சில்லை. தப்பான வார்த்தையைச் சுற்றிச் சிவப்பில் ஒரு சுழி போடுவதும் முறைதான், பதினாறு வருஷமாக ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை. பேனா அந்தக் குழந்தை என்ற வார்த்தைக்கு மேலே போய் நின்றது. சுழிக்காமல் பேனாவை மூடிக்கொண்டு தன் இடத்துக்குப் போய், ஹமீதா டீச்சர் கொடுத்த கடலை மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, ஏழாவது தாளை எடுத்தாள்.